ஜிடிஎக்ஸ் 1060: ஓவர்கிளாக் செய்வதா, கார்டையே மாற்றுவதா?

11 மார்ச் 2023

ஜிடிஎக்ஸ் 1060 என்பது கணினியில் ஆட்டங்களின் படத்தை வரையும் கிராபிக்ஸ் கார்டு. ஓவர்கிளாக் என்றால் கம்பெனி வைத்த வேகத்தைத் தாண்டி அதை ஓட்டுவது. மதுரைத் தம்பி ஒருவர் கேட்டது இது: "அண்ணே, என்கிட்ட ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி இருக்கு. ரைசன் 5 2600 ப்ராசசர், 8 ஜிபி ராம். சைபர்பங்க் கேம் ஓடுது, ஆனா கூட்டமான தெருவுக்குள்ள போனா திக்குது. கார்டை ஓவர்கிளாக் செஞ்சா இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டலாமா, இல்ல புதுசுதான் வாங்கணுமா? வீட்ல இப்போதைக்குப் பணம் கேட்க முடியாது."

என்னிடமும் அதே கார்டு, அதே ப்ராசசர். கார்டு 2017-இல் வாங்கியது, இன்றுவரை தினமும் ஓடுகிறது. அதனால் இதற்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஓவர்கிளாக் செய்யுங்கள் தம்பி. புது கார்டைப் பற்றி அடுத்த வருஷம் யோசிக்கலாம்.

என் கார்டில் கோர் (கணக்குப் போடும் சிப்) வேகம் +140, மெமரி (கார்டின் சொந்த நினைவகம்) +400 மெகாஹெர்ட்ஸ் போட்டிருக்கிறேன். இதற்கு எம்எஸ்ஐ கம்பெனியின் ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். எம்எஸ்ஐ கார்டுதான் வேண்டும் என்றில்லை, எந்த கம்பெனி கார்டாக இருந்தாலும் வேலை செய்யும். கோரை மட்டும் இருபது இருபது மெகாஹெர்ட்ஸாக ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் ஹெவன் என்ற, கார்டைச் சோதித்து மதிப்பெண் தரும் மென்பொருளை இருபது நிமிஷம் ஓடவிடுங்கள். திரையில் சம்பந்தமில்லாத புள்ளியோ கோணலான முக்கோணமோ தெரிந்தால் இரண்டு படி கீழே வாருங்கள். கோர் முடிந்த பிறகுதான் மெமரி. இரண்டையும் ஒன்றாக ஏற்றினால் எது கவிழ்த்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

முக்கியமான ஒன்று. விண்டோஸ் தொடங்கும்போதே ஓவர்கிளாக் தானாக ஏறும்படி ஒரு பொத்தான் இருக்கும். முதல் ஒரு வாரம் அதைத் தொடாதீர்கள். அளவு மீறிப் போய் கணினி நின்றாலும் அடுத்த முறை பழைய வேகத்திலேயே எழுந்து வரும்.

14 மார்ச் 2023

"பதினைந்து சதவீதம் கூடுமா?" என்று தம்பி திரும்பக் கேட்டிருக்கிறார். கூடாது. அன்றைக்கே நான் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

இந்தக் கார்டின் பெட்டியில் போட்டிருக்கும் பூஸ்ட் வேகம் 1708 மெகாஹெர்ட்ஸ். +140 சேர்த்தால் 1848 என்று கணக்குப் போடுவோம். ஆனால் இந்தத் தலைமுறைக் கார்டு குளிர்ச்சியும் மின்சாரமும் இருக்கிறவரை பெட்டியில் உள்ள எண்ணைத் தாண்டி தானாகவே ஏறிக்கொள்ளும். என்னுடையது ஒன்றும் செய்யாமலே 1880 பக்கம் ஓடியது. +140 போட்டதும் 2020 ஆனது. அதாவது கூடியது ஏழு சதவீதம்தான். விட்சர் 3 ஆட்டத்தில் நோவிகிராட் நகரச் சந்தைக்குள் நின்று பார்த்தேன். நொடிக்கு 58 ஃபிரேம் (கார்டு வரையும் படம்) 63 ஆனது.

ஐந்து ஃபிரேம்தானா என்று தோன்றும். நொடிக்கு அறுபது முறை படம் மாற்றும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 58 என்பதும் 63 என்பதும் ஒன்றல்ல. அறுபதுக்குக் கீழே இருந்தது மேலே வந்துவிட்டால், பூட்டிவைத்தமாதிரி அறுபதிலேயே நிற்கும். கண்ணுக்கு அது நன்றாகவே தெரிகிறது.

14 மார்ச் 2023, இரவு

மெமரி பற்றி விட்டுப்போனது. +400-இல் ஹெவன் மதிப்பெண் கூடியது. +600-இல் திரையில் ஒரு புள்ளிகூடக் கெடவில்லை, ஆனால் மதிப்பெண் +400-ஐ விடக் குறைந்துவிட்டது. மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன், அதேதான். என் கார்டில் இருக்கும் ஜிடிடிஆர்5 வகை மெமரியில் தவறாகப் போன தகவலைக் கண்டுபிடித்து மறுபடி அனுப்பும் ஏற்பாடு உண்டு. வேகம் அளவைத் தாண்டியதும் தவறு கூடும், மறுபடி அனுப்புவதிலேயே நேரம் போகும். படம் கெடாததை வைத்து மட்டும் மெமரி ஓவர்கிளாக்கை நம்பாதீர்கள், மதிப்பெண்ணையும் எழுதிவைத்துப் பாருங்கள். நான் பழைய டைரியின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்: தேதி, கோர், மெமரி, சூடு, மதிப்பெண், அறைக்குள் எத்தனை டிகிரி. 

2 ஏப்ரல் 2023

தம்பியின் கார்டு 84 டிகிரி தொடுகிறதாம். இந்தக் கார்டுகளுக்கு 83-ஐ ஒட்டித்தான் எல்லை வைத்திருக்கிறார்கள். அதை எட்டினால் கார்டே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் +140 போடுவீர்கள், அது சத்தமில்லாமல் திருப்பி எடுத்துக்கொள்ளும். முதலில் சூட்டைக் கவனிக்க வேண்டும்.

என் கார்டை போன வருஷம் பிரித்தேன். அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் முதல்முறை பிரிக்கும்போது கை நடுங்கும்.

கார்டைக் குப்புறப் போட்டால் சிப்புக்குப் பின்னால் நான்கு ஸ்க்ரூ, ஒவ்வொன்றிலும் ஸ்ப்ரிங். ஒன்றை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. மூலைக்கு மூலை எதிரெதிராகக் கால் சுற்று, அரைச் சுற்று என்று நான்கையும் சேர்த்துத் தளர்த்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழுத்தம் இருந்தால் சிப்பின் ஓரம் உடையும். ஸ்க்ரூ வந்ததும் ஹீட்சிங்கை (சிப்பின் சூட்டை வெளியேற்றும் உலோக அடுக்கு) பிடித்து இழுக்காதீர்கள், ஒட்டிக்கொண்டிருக்கும். லேசாக இடமும் வலமும் திருகினால் 'ப்ளக்' என்று விடும். விட்டதும் தூக்கிவிட வேண்டாம், ஃபேன் ஒயர் இன்னும் போர்டில் செருகியிருக்கும். அந்தச் சின்ன வெள்ளைச் சாக்கெட்டை நகத்தால் இரண்டு பக்கமும் மாறி மாறி நெம்பி எடுங்கள். ஒயரைப் பிடித்து இழுத்தால் ஒயர்தான் கையில் வரும்.

உள்ளே, சிப்பிலிருந்து ஹீட்சிங்குக்குச் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி இருந்தது. நடுவில் சிப் வெறுமையாகத் தெரிந்தது, பேஸ்ட் எல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டது. மொபைல் ரிப்பேர் கடையில் ஐபிஏ (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) என்று கேட்டால் ஒரு சின்ன பாட்டில் கொடுப்பார்கள், அதில் மெல்லிய துணியை நனைத்துத் துடைத்தேன். சிப் கண்ணாடி மாதிரி ஆனது, குழல்விளக்கு அதில் தெரிந்தது. மெமரி சிப்புகளின் மேல் இருக்கும், சூடு கடத்தும் மெல்லிய மெத்தையான தெர்மல் பேடைக் கிழிக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள். கிழிந்துபோனால் அதே தடிமனில்தான் மாற்ற வேண்டும். அரை மில்லிமீட்டர் தடித்துவிட்டால் ஹீட்சிங்க் சிப்பின் மேல் உட்காராது.

84 ஆக இருந்தது 73 ஆனது. ஓவர்கிளாக்கை விட இதில்தான் எனக்குச் சந்தோஷம் அதிகம். ஃபேன் சத்தம் குறைந்ததில் அம்மாவுக்கும் சந்தோஷம்.

வாரண்டி இன்னும் இருந்தால் ஸ்க்ரூ மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். தம்பியுடையது 2018 கார்டு, அந்தக் கவலை இல்லை.

3 ஏப்ரல் 2023

தூசி ஊத ப்ளோயர் வைப்பவர்கள் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும்.

23 ஏப்ரல் 2023

நான் சொன்னதில் பெரிய திருத்தம் ஒன்று.

நேற்று மாலை என் கணினியில் ஆட்டம் இரண்டு தடவை மூடிக்கொண்டது. திரை ஒரு நொடி கறுத்தது, திரும்பி வந்தது, ஆட்டம் மட்டும் இல்லை. கார்டு இரண்டு நொடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருள்) நிறுத்தித் திரும்ப எழுப்பும், அதுதான் இது. ஜனவரியிலிருந்து ஓடிய அதே +140, அதே +400. எதையும் மாற்றவில்லை.

டைரியைப் பிரித்தேன். +140 சரி என்று நான் முடிவு செய்த நாள் ஜனவரியில் ஒரு இரவு. அறைக்குள் 26 டிகிரி என்று எழுதியிருக்கிறேன். நேற்று மாலை அறைக்குள் 35. சென்னையில் ஏப்ரல், மாடி வீடு, ஏசி பக்கத்து அறையில். சிப் எவ்வளவு சூடாகிறதோ அந்த அளவுக்கு, அதே வேகத்தைத் தாங்க அதற்கு வோல்டேஜ் கூடுதலாக வேண்டும். குளிரில் தாங்கிய வேகம் வெயிலில் தாங்காது. நம் ஊரில் ஓவர்கிளாக்கை மே மாதம் மத்தியானம் மூன்று மணிக்குத்தான் சோதிக்க வேண்டும். குளிர்நாட்டுக்காரர்கள் வீடியோவில் காட்டும் எண்களை அப்படியே போட்டுப் பார்ப்பது நமக்கு ஒத்துவராது.

24 ஏப்ரல் 2023

இரவெல்லாம் உட்கார்ந்து நேர் எதிர்ப்பக்கமாகப் போய்ப் பார்த்தேன்: அண்டர்வோல்ட். வேகத்தை ஏற்றாமல், அதே வேகத்தைக் குறைந்த வோல்டேஜில் ஓட்டுவது.

ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோல் விசையும் எஃப் விசையும் சேர்த்து அழுத்தினால் ஒரு கோடு வரும். கீழே வோல்டேஜ், பக்கத்தில் வேகம். என் கார்டு தானாக விட்டால் 1.05 வோல்ட் பக்கம் நிற்கிறது. 0.900 வோல்ட் இருக்கும் புள்ளியைப் பிடித்து 1873 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே இழுத்தேன். அதற்கு வலப்பக்கம் இருக்கும் புள்ளிகளை எல்லாம் அந்த உயரத்துக்குத் தட்டையாக்கினேன். அப்புறம் அப்ளை. இனி கார்டு 0.900-ஐத் தாண்டிக் கேட்காது, ஏனென்றால் தாண்டினாலும் வேகம் கூடாது.

சிப் இழுக்கும் மின்சாரம் வேகத்துக்கு ஏற்ப நேராகக் கூடும், வோல்டேஜுக்கோ வர்க்கமாகக் கூடும். 0.90-ஐ 1.05-ஆல் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கினால் 0.73 வருகிறது. அதாவது ஏறக்குறைய அதே வேகத்துக்கு கால் பங்குக்கு மேல் மின்சாரம் மிச்சம். கணக்குதானே என்று நினைக்காதீர்கள். திரையில் பார்த்தேன், 118 வாட் காட்டிய இடத்தில் 87 காட்டியது. சூடு 78-லிருந்து 66. 35 டிகிரி அறையில்.

ஃபிரேம்? நோவிகிராடில் 58. ஓவர்கிளாக்கில் 63. ஐந்தை விட்டுக்கொடுத்தேன். ஆனால் ஓவர்கிளாக் கார்டு இந்த வெயிலில் முக்கால் மணி நேரம் ஓடினால் வேகத்தைப் படிப்படியாகப் பன்னிரண்டு பதின்மூன்று மெகாஹெர்ட்ஸாக இறக்கிக்கொண்டே வருகிறது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அதிலும் 60-தான். இரண்டு ஃபிரேமுக்காக 30 வாட் சூட்டை அந்த அறைக்குள் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதனால் மார்ச் 11 அன்று நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். தம்பி, கோடை முடியும்வரை அண்டர்வோல்ட் செய்யுங்கள். மெமரி +300 போதும், அது தனியாக இருக்கட்டும். உங்கள் சிப் 0.900-இல் 1873 தாங்காமல் போகலாம், ஒவ்வொரு சிப்பும் ஒவ்வொரு மாதிரி. தாங்காவிட்டால் 1848, அதுவும் இல்லையென்றால் 0.925 வோல்ட்.

9 மே 2023

தம்பியிடமிருந்து வேறு புகார். ஆட்டம் மூடவில்லை, கணினியே 'டப்' என்று அணைகிறது. மாலை ஏழு மணிக்கு மேல்தான். காலையில் ஒன்றும் இல்லை. "ஓவர்கிளாக்கை முழுசா எடுத்துட்டேன் அண்ணே, அப்பவும் அணையுது."

மொத்தமாக அணைந்தால் என் சந்தேகம் முதலில் கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் மேல் போகும். பெயர் தெரியாத கம்பெனி எஸ்எம்பிஎஸ்களில் 450 வாட் என்று எழுதியிருக்கும், கார்டுக்கான 6 பின் ஒயரே இருக்காது. மோலெக்ஸ் என்ற பழைய வகை ஒயரில் ஒரு மாற்றியை (அடாப்டர்) வைத்துச் செருகியிருப்பார்கள். அந்த மாற்றியைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் உடனே நிறுத்துங்கள் என்றேன். அப்படி இல்லையாம், 80 ப்ளஸ் ப்ரான்ஸ் சான்று பெற்ற எஸ்எம்பிஎஸ், கார்டுக்கு அதன் சொந்த ஒயர். சரி, யோசிக்கிறேன்.

10 மே 2023

யூபிஎஸ்!

மாலை ஏழு மணிக்குத் தெருவெல்லாம் ஏசி போடுகிறார்கள், லைனில் வோல்டேஜ் இறங்குகிறது. யூபிஎஸ் உடனே பேட்டரிக்கு மாறுகிறது. 600 விஏ யூபிஎஸ் என்றால் வழக்கமாக 360 வாட்தான் தாங்கும். ஆட்டம் ஓடும்போது தம்பியின் கணினியும் மானிட்டரும் சேர்ந்து 250 வாட் வரை கேட்கும். பேட்டரி நல்லதாக இருந்தால் தாங்கிவிடும். ஆனால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 250 வாட் என்றால் இருபது ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். நான்கு வருஷம் ஆன 7 ஏஎச் பேட்டரியால் அது முடியாது.

யூபிஎஸ்ஸை எடுத்துவிட்டு நேராகச் சுவரில் செருகி ஒரு மாலை ஓட்டிப் பாருங்கள் தம்பி. சோதனைக்கு மட்டும்தான்.

12 மே 2023

அதுதான். பேட்டரி மாற்றியாகிவிட்டது. அண்டர்வோல்ட்டில் குறைந்த அந்த முப்பது வாட் இங்கேயும் உதவுகிறது.

28 மே 2023

இந்தக் குறிப்பை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

பேஸ்ட் மாற்றியாயிற்று, அண்டர்வோல்ட் ஆயிற்று, பேட்டரி ஆயிற்று. தம்பி மறுபடி எழுதுகிறார்: "எல்லாம் நல்லா இருக்கு அண்ணே, ஆனா அந்தக் கூட்டமான தெரு இன்னும் திக்குது." முதல் நாள் கேட்டதே அதுதான். இரண்டரை மாசமாக நான் அந்தத் திக்கலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசியிருக்கிறேன்.

அந்தத் தெருவில் நிற்கும்போது கார்டு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று திரையில் போட்டுப் படம் அனுப்பச் சொன்னேன். 62 சதவீதம். அதாவது கார்டு சும்மா நிற்கிறது. வேறு யாருக்காகவோ காத்திருக்கிறது. கார்டு 97, 98 காட்டினால்தான் கார்டை வேகப்படுத்துவதில் பலன் உண்டு. 62 காட்டும் இடத்தில் ஆயிரம் மெகாஹெர்ட்ஸ் ஏற்றினாலும் ஒரு ஃபிரேம் கூடாது.

விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் மெமரிப் பக்கத்தை (இங்கே மெமரி என்றால் ராம்) திறக்கச் சொன்னேன். வேகம்: 2400. பயன்படுத்திய ஸ்லாட்: நான்கில் ஒன்று.

அவர் வாங்கியது 3000 வேக ராம். வாங்கிய நாளிலிருந்து 2400-இல் ஓடியிருக்கிறது. பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே எழும், போர்டின் சொந்த மென்பொருள்) போய் எக்ஸ்எம்பி என்ற ஒன்றைப் போடாவிட்டால் ராம் பெட்டியில் உள்ள வேகத்துக்கு வராது. கணினியைச் சேர்த்துக் கொடுத்த கடைக்காரர் அதைச் செய்யவில்லை. நிறைய பேர் வீட்டில் இன்றும் இப்படித்தான் இருக்கிறது. அதோடு ஒற்றை ராம். ஒரே சேனலில் (ராமுக்கும் ப்ராசசருக்கும் நடுவே தகவல் போகும் பாதை) 2400 என்றால் நொடிக்கு 19.2 ஜிபி. இரண்டு சேனலில் 3000 என்றால் 48 ஜிபி. ரைசன் முதல் இரண்டு தலைமுறைகளும் ராம் வேகத்துக்கு ரொம்பவே பசித்தவை. கூட்டமான தெருவில் ஒவ்வொரு மனிதனுக்கும் வண்டிக்கும் கணக்குப் போடுவது ப்ராசசர்தான், அதற்குத் தீனி ராமிலிருந்துதான் வர வேண்டும்.

எழுதிக்கொண்டே என்னுடையதையும் பார்த்தேன். என்னிடம் இரண்டு ராம் இருக்கிறது. ஆனால் ப்ராசசர் பக்கமிருந்து முதல் ஸ்லாட்டிலும் இரண்டாவதிலும் செருகியிருக்கிறேன். இரண்டாவதும் நான்காவதுமாக இருக்க வேண்டும். அடுத்தடுத்துச் செருகினால் இரண்டும் ஒரே சேனலில்தான் போகும். மூன்று வருஷத்துக்கு முன் தூசி தட்டிவிட்டுத் திரும்பச் செருகியபோது மாறியிருக்கிறது.

4 ஜூன் 2023

தம்பி இன்னொரு 8 ஜிபி ராம் வாங்கினார், அதே கம்பெனி, அதே வேகம். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. எக்ஸ்எம்பி போட்டார். அந்தத் தெருவில் சராசரி 41-லிருந்து 52. ஆனால் அவர் சந்தோஷப்படுவது சராசரிக்காக இல்லை. மிக மோசமான ஒரு சதவீத ஃபிரேம்கள் 24-இல் கிடந்தது 39 ஆகிவிட்டது. திக்கல் என்று நாம் சொல்வது அந்தக் கடைசி எண்ணைத்தான்.

"கார்டையே தொடலையே அண்ணே" என்று எழுதியிருக்கிறார். ஆமாம் தம்பி.

எனக்கு: ராமை இடம் மாற்றிச் செருகினேன், செலவு இல்லை. நோவிகிராடில் மாற்றமே இல்லை, அங்கே கார்டு ஏற்கெனவே 98 சதவீதம் ஓடிக்கொண்டிருந்தது. ஜிடிஏ 5 ஆட்டத்தில் நகருக்குள் வண்டி ஓட்டும்போது வித்தியாசம் தெரிகிறது.

18 ஜூன் 2023

வேறொருவர் கேட்கிறார்: ஏஎம்டியின் பழைய ஆர்எக்ஸ் 580 8 ஜிபி கார்டு மலிவாகக் கிடைக்கிறது, 1060-இலிருந்து அதற்கு மாறலாமா?

மாற வேண்டாம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகம், 580 கேட்பது 185 வாட், 1060 கேட்பது 120. ஆனால் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இந்த வருஷம் வந்த சில ஆட்டங்களில் 6 ஜிபி மெமரி போதவில்லை. மெமரி நிறைந்துவிட்டால் கார்டு ராமிலிருந்து கடன் வாங்கும், சுவரில் இருக்கும் படமெல்லாம் களிமண் மாதிரி வரும், நடக்கும்போது வெட்டி வெட்டி நிற்கும். அதை எந்த ஓவர்கிளாக்கும் சரிசெய்யாது. ஆட்டத்தின் அமைப்பில் டெக்ஸ்சரை (அந்தச் சுவர்ப் படங்களின் தரம்) ஒரு படி இறக்குவதுதான் வழி.

பழைய கார்டு வாங்குபவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். 2022 செப்டம்பர் 15-இல் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் முறை மாறியது, கார்டு வைத்து அதைத் தோண்டும் வேலை அன்றோடு நின்றது. அப்போதிருந்து பழைய கார்டுகள் சந்தையில் குவிந்து கிடக்கின்றன. சென்னை ரிச்சி தெருப் பக்கம் அக்கா மகனுக்காக ஒன்று பார்க்கப் போனேன். 580 என்று ஸ்டிக்கர், 580 என்று பெட்டி. பென் டிரைவில் கொண்டுபோன, கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளை ஓட்டினேன். ஷேடர் (சிப்புக்குள் கணக்குப் போடும் சிறு அலகு) எண்ணிக்கை 2048. உண்மையான 580-இல் 2304 இருக்க வேண்டும். 2048 இருப்பது 570-இல். சீனச் சந்தைக்கென்று 580 2048எஸ்பி என்ற பெயரிலேயே ஒன்று வந்தது, அது நம் ஊருக்கும் வந்துவிடுகிறது. கடைக்காரரிடம் காட்டினேன். அவர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார். 570 விலைக்குக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றேன், முடியாது என்றார், வந்துவிட்டேன்.

தோண்டிய கார்டு என்றாலே குப்பை என்று சொல்வது சரியில்லை. அந்த வேலைக்கு வோல்டேஜைக் குறைத்துத்தான் ஓட்டுவார்கள், சிப்புக்குப் பெரிய கெடுதல் இருக்காது. போவது ஃபேன், காய்வது பேஸ்ட், வேகுவது மெமரி. கார்டுக்குள் இருக்கும் பயாஸையும் மாற்றியிருப்பார்கள். அரை மணி நேரம் கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காதீர்கள்.

5 நவம்பர் 2023

தீபாவளி போனஸில் ஆர்எக்ஸ் 6600 வாங்கிவிட்டேன். புதியது, ரூபாய் இருபதாயிரத்தைச் சற்றுத் தாண்டியது.

ஏன் இது? 132 வாட். என் 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் யூபிஎஸ்ஸும் அப்படியே இருக்கலாம். 170 வாட் ஆர்டிஎக்ஸ் 3060-இல் 12 ஜிபி மெமரி இருக்கிறது, அதற்காக இரண்டு நாள் தடுமாறினேன். கடைசியில் விலை முடிவு செய்தது. ஆர்டிஎக்ஸ் 4060 இன்னும் குறைவாக 115 வாட், ஆனால் என் கைக்கு எட்டவில்லை.

6600-க்கு ஸ்லாட்டில் எட்டு லேன்தான் (போர்டோடு தகவல் பரிமாறும் பாதை) உண்டு. பிசிஐ (கார்டு செருகும் ஸ்லாட்டின் வகை) 4.0 போர்டில் அது போதும். என்னுடையது பி450 போர்டு, பிசிஐ 3.0, அங்கே எட்டு லேன் என்றால் நொடிக்கு 8 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. கார்டின் மெமரிக்குள் அடங்கும்வரை இதனால் நான் ஒரு வித்தியாசமும் பார்க்கவில்லை. இன்னும் பழைய, பிசிஐ 2.0 போர்டு வைத்திருப்பவர்கள் யோசித்து வாங்குங்கள்.

மாற்றும் முன் சேஃப் மோடில் போய் டிடியு என்ற டிரைவர் நீக்கும் மென்பொருளை வைத்து என்விடியா டிரைவரைச் சுத்தமாக எடுத்தேன். பழைய கார்டில் 6 பின் செருகியிருந்தது, புதியதற்கு 8 பின். அதே ஒயரின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்த இரண்டு பின் துண்டை ஆறு வருஷமாகக் கேபிள் டையால் ஓரம் கட்டி வைத்திருந்தேன். அந்த டையை வெட்டி, இரண்டையும் சேர்த்துப் பிடித்து, கொக்கி 'க்ளிக்' என்று விழும்வரை அழுத்தினேன். பாதி செருகி நிற்கும் பின்தான் கருகும், விளக்கடித்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

நோவிகிராட் சந்தை: 58 இருந்த இடத்தில் 97. ஓவர்கிளாக்கில் நான் பாடுபட்டு எடுத்தது ஐந்து.

ஆனால் சைபர்பங்க் கூட்டத் தெருவில் இப்போது புது கார்டு 75 சதவீதம்தான் ஓடுகிறது. மே 28 குறிப்பு திரும்ப வந்துவிட்டது. இம்முறை ராம் இல்லை, ப்ராசசரே. இதே பி450-இல் பயாஸைப் புதுப்பித்தால் ரைசன் 5 5600 உட்காரும். பொங்கலுக்குப் பிறகு பார்க்கலாம். பயாஸ் ஏறும்போது கரண்ட் போனால் போர்டு போய்விடும், அன்றைக்கு யூபிஎஸ் பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

புது கார்டையும் முதல் நாளே அண்டர்வோல்ட் செய்துவிட்டேன். ஓவர்கிளாக் செய்து பார்க்கக்கூட இல்லை.

13 நவம்பர் 2023

பழைய 1060 என்ன ஆயிற்று என்று மதுரைத் தம்பி கேட்கிறார். நேற்று தீபாவளிக்கு வந்த அக்கா மகன் எடுத்துப் போய்விட்டான். அவனுக்கு வாலரண்ட் ஆட்டம் ஓடினால் போதும். கொடுப்பதற்கு முன் பேஸ்ட் மாற்றினேன், அண்டர்வோல்ட் எண்களை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வைத்தேன்: 0.900 வோல்ட், 1873, மெமரி +300. கீழே அடிக்கோடிட்டு இன்னொரு வரி: இது 35 டிகிரி அறையில் பார்த்தது.

இன்று காலை ஃபோன் செய்தான். "மாமா, 64 டிகிரிதான் காட்டுது, ஃபேன் ஓடுதான்னே தெரியல." முதல் வேலையாக ராம் எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்று கேட்டேன். இரண்டும் நான்கும் என்றான்.